கயிறு இறக்கும் நாள்

என் தம்பிக்கு இரண்டு பிறந்தநாள் உண்டு. ஒன்று சர்ட்டிபிகேட்டில் இருப்பது; மே மாதக் கடைசியில் வரும். இன்னொன்று அவன் நிஜமாகவே பிறந்த நாள், ஆனி மாதம் கேட்டை நட்சத்திரம். வாசுதேவநல்லூரில் அவனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அப்பா கூட்டிக்கொண்டு போனபோது, பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு வயசு கொஞ்சம் இடித்ததாம். தலைமையாசிரியர் அவராகவே ஒரு தேதியைப் போட்டு முடித்துவிட்டார். எங்கள் வயசுக்காரர்களில் பாதிப் பேர் தலைமையாசிரியர் கையால் பிறந்தவர்கள்தான். அதனால் யாருக்கும் கெடுதல் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் வீட்டில் வந்தது.

நான் அவனுக்கு மூத்தவள். தென்காசியில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை, டவுனிலேயே ஒரு சின்ன வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்பவர்களுக்கு அவரவர் முகத்தைப் பார்த்து ஒரு பதில் சொல்வேன். தம்பி பஜாரில் உரக்கடை வைத்திருந்தான். குத்துக்கல்வலசையில் வீடு கட்டி, மனைவியோடும் ஒரே மகளோடும் இருக்கிறான்.

சின்ன வயசில் பிறந்தநாள் என்றால் எங்களுக்குக் கோயிலில் ஒரு அர்ச்சனை, வீட்டில் ஒரு பாயாசம், அவ்வளவுதான். எனக்கு வேலை கிடைத்த வருஷம், ஆனிக் கேட்டை அன்றைக்கு, தம்பியைப் பிரானூர் பார்டருக்குப் பரோட்டா சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலப் பரோட்டாவை இலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, மிளகு தூக்கலான நாட்டுக்கோழியைத் தொட்டுக்கொண்டு அவன் தின்ற வேகத்தைப் பார்த்துவிட்டு சப்ளையர், "தம்பி, கடைய இப்ப மூட மாட்டோம், மெதுவா சாப்பிடுங்க" என்றார். அன்றிலிருந்து எந்த வருஷமும் ஆனிக் கேட்டைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைத்ததில்லை. என் பிறந்தநாளுக்கும் ஓட்டல்தான், தம்பி மகளின் பிறந்தநாளுக்கும் ஓட்டல்தான். ஆனாலும் அவனுடையதுதான் பெரிசு, ஏனென்றால் அது குற்றாலச் சீசனில் வரும்.

கல்யாணம் ஆன பிறகு அவன் இன்னொன்றையும் சேர்த்தான். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பாமல், குற்றாலத்தில் ரூம் போட்டு ஒரு ராத்திரி தங்குவது. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏறினால் குற்றால மலை தெரியும். ஆட்டோவில் ஏறி ஒரு கதையை ஆரம்பித்தால் அது முடிவதற்குள் மெயின் அருவி வந்துவிடும். இவ்வளவு தூரத்துக்கு ரூம் போட்டுத் தங்குகிறவர்கள் நாங்கள்தான். "மெட்ராஸ்காரன் ரூம் போடுதான், சரி. ஒங்களுக்கு என்ன வந்து கெடக்கு?" என்று அலுவலகத்தில் ஒரு அண்ணாச்சி நேராகவே கேட்டார். தம்பியிடம் அதைச் சொன்னேன். "வீட்ல இருந்தா கரண்டு பில்லுதான் ஞாவகம் வரும்க்கா. இங்கன வந்து படுத்தா நாமளும் சீசனுக்கு வந்த ஆளு" என்றான்.

ஒரு வருஷம் ரூமில் கேக் வெட்டினோம். ஜன்னலைச் சாத்த மறந்திருந்தோம். கத்தியை எடுத்துக்கொண்டு அவன் குனிந்ததும் ஒரு குரங்கு உள்ளே குதித்து, அவன் பெயர் எழுதியிருந்த பாதியை அப்படியே அள்ளிக்கொண்டு போய் எதிர் மாடிச் சுவரில் உட்கார்ந்து தின்றது. குழந்தை அழுதாள். இவன் ஜன்னலில் நின்று அந்தக் குரங்குக்கு "ஹேப்பி பர்த்டே" என்று கைதட்டிப் பாடினான். பக்கத்து ரூம்காரர்கள் எல்லாம் வெளியே வந்து அவனோடு சேர்ந்து பாடினார்கள். யாரையும் ஒரு நிமிஷத்தில் தன் பக்கம் இழுத்துக்கொள்கிற ஆள் அவன். இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொன்னால் நியாயமில்லை.

தம்பி குடிப்பான். கடை வைத்த ஐந்தாறு வருஷத்தில் தொடங்கியது, பிறகு கடையைத் திறப்பதற்கு முன்பே குடிக்கிற அளவுக்கு வந்தது. குடித்துவிட்டு அடிக்கிறவனாகவோ கத்துகிறவனாகவோ இருந்திருந்தால் வெறுத்துவிட்டு என் பாட்டைப் பார்த்திருப்பேன். அவன் அப்படி இல்லை. தடுக்கி விழுந்தால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பான். காலையில் எழுந்து மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசல் பெருக்குவான். அவள் அழுதுகொண்டே எனக்குப் போன் செய்வாள், நான் போய்ச் சத்தம் போடுவேன், அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வான். மறுநாள் மறுபடி அதேதான். குற்றாலத்து ரூமும் அப்போது மாறிப்போனது. பிறந்தநாள் அன்றைக்கு வீட்டில் இருந்தால் கூட்டாளிகள் வந்து கூப்பிடுவார்கள் என்று, அவனைக் கண்ணுக்கெதிரே வைத்திருக்கத்தான் அங்கே கூட்டிக்கொண்டு போனோம். சந்தோஷத்துக்குப் போட்ட ரூம் காவலுக்கு என்று ஆயிற்று.

கயிறு கட்டலாம் என்று சொன்னது தம்பி மனைவி. இலத்தூர் தாண்டி வயல்காட்டுக்குள் ஒரு மாடன் கோயில் இருக்கிறது. குடியை விட நினைக்கிறவர்கள் அங்கே போய்ச் சத்தியம் செய்தால் பூசாரி கையில் கறுப்புக் கயிறு கட்டிவிடுவார். கயிறு கையில் இருக்கும்வரை தொடக்கூடாது. தொட்டால் மாடன் சும்மா விடமாட்டார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் மாத்திரை, ஆஸ்பத்திரி, கவுன்சிலிங் எல்லாம் பார்த்து முடித்த வருஷம் அது. தம்பி மகள் எட்டாம் வகுப்பில் இருந்தாள். ஓர் ஆவணி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் போனோம்.

பூசாரி கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "எதுவரைக்கும்?" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை.

"கெடு சொல்லணும்லா. எதுவரைக்கும் தொட மாட்டாருன்னு சாமிகிட்ட சொல்லணும். அன்னைக்கு வந்து கயித்த எறக்கிட்டு, ஒரு ராத்திரி வெறுங்கையா இருந்துட்டு, மறுநா வந்து திரும்பக் கட்டிக்கிடலாம்."

"ஆயுசுக்கும்னு கட்டுங்க" என்றேன் நான்.

"ஆயுசுக்கும்னு கட்டுனவன் ஒருத்தனும் நின்னதில்ல. ஒரு நாளு கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் மனுசன் ஓடுவான்" என்றார்.

தம்பி மனைவிதான் வாயைத் திறந்தாள். "அவிய அடுத்த பொறந்தநா வரைக்கும் சாமி" என்றாள். நல்ல நாளாகச் சொல்ல வேண்டும் என்பதைத் தவிர அவள் மனசில் வேறு ஒன்றும் இல்லை. கேட்ட எங்களுக்கும் அது அழகாகத்தான் பட்டது. குடிகாரனின் விடுதலை நாளைக் கொண்டுபோய் அவன் பிறந்தநாளில் வைத்த குடும்பம் இந்தச் சீமையில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் அவன் தொடவில்லை. சொன்னால் சொன்னபடி நிற்கிற ஆள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கல்யாண வீடுகளில் கூட்டாளிகள் இழுத்தால் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டுவான், அவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டு விலகிவிடுவார்கள். கடை காலையில் நேரத்துக்குத் திறந்தது. வற்றிப்போன கன்னம் உப்பியது. மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டு என் அலுவலகத்துக்கு வந்து, என்னோடு ஒரு டீ குடித்துவிட்டுப் போவான். எங்கள் வீட்டில் நான் பார்த்த நல்ல வருஷம் அது ஒன்றுதான். அது சீக்கிரம் முடிந்துவிட்டது.

ஆனிக் கேட்டை வந்தது. முதல் நாளே நான் தம்பி மனைவியிடம், "ஏட்டி, கயிறு அறுக்க நாளைக்கு எத்தன மணிக்குப் போணும்?" என்று கேட்டேன். அவள் பதறிப்போனாள். "ஐயோ மைனி, அறுக்கன்னு சொல்லாதீய. எறக்கன்னு சொல்லுங்க" என்றாள். தாலிக்குச் சொல்கிற வார்த்தை என்று நான்தான் யோசித்திருக்க வேண்டும். உள்ளே இருந்து தம்பி, "கயித்தயும் எறக்குதாங்க, கள்ளயும் எறக்குதாங்க" என்றான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிப்புக்காக அதைச் சொல்லவில்லை என்பது மறுநாள் சாயங்காலம்தான் தெரிந்தது.

காலையில் மாடன் கோயிலில் தேங்காய் உடைத்துக் கயிற்றை இறக்கினோம். மத்தியானம் பார்டரில் சாப்பாடு. கிடா வெட்டுகிற சாமி மாடன். கோழி தின்பதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். தம்பி நன்றாகச் சாப்பிட்டான். அடுத்து ரூமில் பையை வைத்துவிட்டு ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். அருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். கண்ணுக்கெதிரே வைத்திருக்க வேண்டும் என்று இவ்வளவு ஏற்பாடு செய்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனான். நாங்கள் குளித்துத் தலை துவட்டி வெளியே வந்து எண்ணெய் மசாஜ் செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றோம். ஈரத் துணியோடு ஆண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவன் வரவில்லை.

சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் லாட்ஜ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். துண்டு நனையவே இல்லை. அவன் மகள் படிக்குக் கீழேயே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்ததும் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான்.

"இன்னைக்குக் கயிறு இல்லல்லா அக்கா. சாமிக்குச் சொன்ன சொல்லு தப்பலையே."

"ஏலே, ஒரு வருசம் இருந்தியேலே" என்றேன்.

"வருசம் பூரா இந்த ஒரு நாளத்தான நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றான். பொய் சொல்லத் தெரியாதவன் என் தம்பி. அவன் பிறந்தநாளுக்காக நாங்கள் காத்திருந்த அளவுக்கு அவனும் காத்திருந்திருக்கிறான்.

மறுநாள் கயிறு கட்டப் போகவேண்டும். அவனால் எழுந்திருக்க முடியவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, ஆடி பிறந்த பிறகுதான் போனோம். பூசாரி கெடு கேட்டார். பொங்கல் என்று சொல்லலாம், அல்லது பொல்லாத நாளாகப் பார்த்துச் சொல்லலாம் என்று நான் ஆட்டோவிலேயே தம்பி மனைவியிடம் மன்றாடியிருந்தேன். "சாமிகிட்ட மொதல்ல சொன்னத மாத்தக் கூடாது மைனி. மாத்துனா அவியளுக்கு ஏதாவது ஆயிரும்" என்றாள். பிறந்தநாள் வரைக்கும் என்றே மறுபடியும் சொன்னாள். அந்தக் கயிற்றுக்கும் அவன் ஒழுங்காகத்தான் இருந்தான். இந்த முறை சந்தோஷம்தான் வரவில்லை. ஆனி நெருங்க நெருங்கப் பயம் வரும் என்று தெரியும். வைகாசியைப் பற்றி எங்களுக்கு எந்தப் பயமும் இல்லை.

மே மாதக் கடைசியில் ஒருநாள் அலுவலகத்தில் இருந்தேன். தம்பி மனைவி போன் செய்தாள். "மைனி, அவிய கையில கயித்தக் காணோம்."

பாதி வேலையில் கிளம்பிப் போனேன். அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இன்னும் நிதானம் இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஆதார் கார்டை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"என் பொறந்தநா என்னைக்குன்னு போட்டிருக்கு, வாசி."

"சவமே, அது தலைமையாசிரியர் போட்ட தேதி."

"சாமிகிட்ட பொறந்தநான்னுதான சொன்னீய. எந்தப் பொறந்தநான்னு யாரு சொன்னா? பூசாரிட்ட கேட்டுட்டுத்தான் எறக்குனேன்." அவனே தனியாக பஸ் ஏறிப் போய், தேங்காய் உடைத்து, முறையாக இறக்கிவிட்டு வந்திருக்கிறான். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன் என்று நினைத்தேன். அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்ததை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

மறுபடி கட்ட அவன் வரவில்லை. ஆனிக் கேட்டை வந்தபோது, வழக்கத்தை விடக்கூடாது என்று தம்பி மனைவி பிடிவாதம் பிடித்து எல்லோரையும் பார்டருக்குக் கிளப்பினாள். இலை போட்டார்கள். பரோட்டாவைப் பிய்க்க அவன் கை நிற்கவில்லை. சால்னா மேஜையெல்லாம் சிந்தியது. பக்கத்து மேஜையில் குழந்தைகளோடு வந்த ஒரு குடும்பம் இடத்தை மாற்றிக்கொண்டு போனது. பத்தாம் வகுப்பு படிக்கிற அவன் மகள், அப்பாவின் இலையைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு பரோட்டாவாகப் பிய்த்துப் போட்டாள். கை கழுவப் போனபோது என்னிடம் மெதுவாக, "அத்த, இனி யாருக்கும் பொறந்தநாளே கொண்டாட வேண்டாம்" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. ஐப்பசி மழையில் ஒருநாள் ரத்தமாக வாந்தி எடுத்தான். திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கல்லீரல் முக்கால்வாசி போய்விட்டது என்றார் டாக்டர். "குடிக்காம இருந்தா கொஞ்ச நாள் ஓட்டலாம்" என்றார். அந்த வாக்கியத்தில் முன்பாதி தம்பி மனைவியின் காதில் விழுந்தது. பின்பாதி என் காதில் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த காரை அவள் வீட்டுக்கு விடச் சொல்லவில்லை. நேராக மாடன் கோயிலுக்கு விடச் சொன்னாள். எந்தப் பிறந்தநாள் என்பதை இந்த முறை நான் முந்திக்கொண்டு சொன்னேன். ஆனிக் கேட்டை என்று பூசாரியைத் திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் கட்ட விட்டேன்.

சர்ட்டிபிகேட் பிறந்தநாள் வந்து போனது. கயிறு கையில் இருந்தது. தம்பி மனைவி அன்றைக்குப் பாயாசம் வைத்து எனக்குத் தூக்குவாளியில் கொடுத்துவிட்டாள். எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது, அதை மறைப்பானேன். ஆனால் அவன் வயிறு பெரிதாகிக்கொண்டே போனது, கை கால் குச்சியாகிக்கொண்டே போனது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. கடையை வேறு ஒருவருக்குக் கைமாற்றி விட்டோம்.

போன வருஷம் ஆனிக் கேட்டைக்குக் கார் வைத்துக் கோயிலுக்குப் போனோம். வரப்பில் அவனால் தனியாக நடக்க முடியவில்லை. என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, நின்று நின்று வந்தான். பூசாரி செல்போனில் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், பேச்சைப் பாதியில் விட்டுப் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். பழைய கயிற்றை இறக்கினார். அடுத்த நிமிஷமே தட்டிலிருந்து புதுக் கயிற்றை எடுத்து அதே கையில் கட்டத் தொடங்கினார்.

"ஒரு ராத்திரி வெறுங்கையா இருக்கணும்னு சொல்லுவீயளே" என்றாள் தம்பி மனைவி.

"வேண்டாம்மா. கெடக்கட்டும்" என்றார். கெடு கேட்கவில்லை. நாங்கள் சொல்லுவதற்காகக் காத்திருக்கவும் இல்லை. முடிச்சுப் போட்டு, திருநீற்றைப் பூசிவிட்டு உள்ளே போய்விட்டார்.

காரில் ஏறியதும் தம்பி மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீயளா மைனி, கெடுவே கேக்கல. ஆயுசுக்கும் கட்டிட்டாரு. இனி நாம எறக்கவே வேண்டாம்" என்றாள். மஞ்சள் பூசிய அந்த முகத்தைப் பார்த்து "ஆமாட்டி" என்றேன். தம்பி முன் சீட்டில் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தான். அவன் மகள் என் கையைப் பிடித்தாள், பார்டர் வரும்வரை விடவில்லை.

சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் அவனே சொன்னான். இவளுக்குக் காடை, அக்காவுக்கு நாட்டுக்கோழி, எண்ணெய் கம்மியாக, பிள்ளைக்குப் பரோட்டா மொறுகலாக. தனக்கு ஒரு பரோட்டா கேட்டு வாங்கி, அதைப் பொறுமையாகப் பிய்த்து மகளின் இலையில் போட்டான். உப்பில்லாமல் அவனுக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன கஞ்சியை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தோம். அதைக் குடிப்பதற்கு முன்னால் விரலை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான்.

ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. அவன் குளிக்கக் கூடாது. தாயும் மகளும் பெண்கள் பக்கம் போக, நான் அவனோடு சாரல் வந்து படுகிற ஒரு கல்லில் உட்கார்ந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் பக்கத்தில் வந்து பேசினால்தான் கேட்கும். என் காதருகே குனிந்தான்.

"அக்கா, முன்னால்லாம் பொறந்தநா வந்துட்டாப் போதும், நாக்கு துடிக்கும். கயித்த எறக்கி முடிக்கங்குள்ள கால் ஓட ஆரம்பிச்சிரும். இன்னைக்கு ஒண்ணுமே இல்ல. குடிக்கணும்னே தோணல. அதான் பயமா இருக்கு."

"நல்லதுதானலே."

"நல்லதில்லக்கா. ஒனக்கும் தெரியும்லா."

நான் அருவியைப் பார்த்தேன். இந்த ஆசை போகவேண்டும் என்று எத்தனை வருஷம் அழுதிருக்கிறோம். ஆசைப்படுவதற்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகு அது போயிருக்கிறது. யாருக்கு நன்றி சொல்வது?

"பூசாரி மொகத்தப் பாத்தேன். கெடு கேக்காம கட்டுனாரு பாரு, அப்பமே எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றான். துண்டால் முகத்துச் சாரலைத் துடைத்துக்கொண்டு, "அவகிட்ட சொல்லிறாத. அவ இன்னைக்கு சந்தோசமா இருக்கா" என்றான்.

தலையை ஆட்டினேன். ஈரக் கூந்தலும் கையில் மங்குஸ்தான் பையுமாகத் தம்பி மனைவி வந்தாள். பழத்தை உடைத்து ஆளுக்கொன்று கொடுத்தாள். அவனும் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, நல்லாயிருக்கு என்றான். நான் அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது அவன் பெரும்பாலும் படுக்கையில்தான் இருக்கிறான். வயிற்றில் சேருகிற நீரை எடுக்க அடிக்கடி திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். கயிறு மணிக்கட்டிலிருந்து நழுவுகிறது என்று தம்பி மனைவி அதை முழங்கைக்குப் பக்கமாக ஏற்றி விட்டிருக்கிறாள். அவனுக்கு இன்னும் ஐம்பது வரவில்லை. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பூசாரியா, தலைமையாசிரியரா, தெருவுக்குத் தெரு மதுக்கடை திறந்து வைத்தவர்களா, நல்ல நாளாகச் சொல்லிவிட்ட அந்தப் பெண்ணா. காலையில் ஒருவர் மேல் வரும், மத்தியானத்துக்குள் போய்விடும். பிறகு வெறும் அலுப்புத்தான் இருக்கிறது.

நேற்று அவள் போன் செய்தாள். "மைனி, சீசன் விழுந்துட்டா ரூம் கெடைக்காது. ஆனிக் கேட்டைக்கு இப்பமே சொல்லி வச்சிருங்க. கீழ ரூமா கேளுங்க, அவியளால படி ஏற முடியாது" என்றாள். ஏட்டி, ஒனக்கு ஒண்ணுமே வெளங்கலையா என்று கத்திவிடலாம் போல இருந்தது. அதற்குள் அவளே, "சொல்லி வைங்க மைனி. வேண்டாம்னா அப்பம் வேண்டாம்னு சொல்லிக்கிடலாம்" என்றாள். குரல் உடைந்திருந்தது. அவளுக்கும் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

லாட்ஜுக்குப் போன் போட்டேன். வருஷா வருஷம் போகிற இடம். மேனேஜருக்கு என் குரல் தெரியும். தேதியைச் சொன்னேன், கீழ்த்தளம் வேண்டும் என்றேன். எழுதிக்கொண்டார்.

"எத்தன பேரு மேடம்?"

லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அவர் இரண்டு முறை ஹலோ சொன்னார்.

"நாலு பேரு" என்றேன்.